ரயில்வே கேட்டில் கண் அசந்தது

வாசகர் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. கரூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கேஷியராக இருக்கிறேன். இரண்டு வருடமாகப் பகலில் தூக்கத்தைத் தாங்க முடியவில்லை. மதியம் சாப்பிட்டு வந்து கவுன்டரில் உட்கார்ந்தால் பணம் எண்ணும்போதே கண் சொக்குகிறது. பஸ்ஸில் ஏறினால் தூக்கம், டிவி போட்டால் தூக்கம். ஒரு மீட்டிங்கில் தூங்கிவிட்டேன்; மேனேஜர் எல்லோர் முன்னாலும் எழுப்பினார். அன்றிலிருந்து 'தூங்குமூஞ்சி மேடம்' என்று பெயர். வீட்டுக்காரர் சோம்பேறித்தனம் என்கிறார்.

ரத்தம் குறைவு என்று ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் 9.2-லிருந்து 12.4 ஆகிவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது, தூக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரவு பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுவேன். நடுவில் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டும், ஆனால் சுகர் இல்லை. காலையில் தலை பாரமாக இருக்கும். மே மாதம் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தேன், தினமும் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். அப்போதும் பகலில் இதே கதைதான். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, தும்மலுக்கு தினமும் இரவில் ஒரு செட்ரிசின் எடுக்கிறேன். எடை 78 கிலோ. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இது வயதுக் கோளாறா? போன மாதம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டியில் காத்திருந்தபோது கண் அசந்துவிட்டது, பின்னால் நின்றவர் ஹாரன் அடித்ததும்தான் முழித்தேன். நான் குறட்டை விடுவதை மகள் செல்போனில் பதிந்து கேலி செய்கிறாள். இதையெல்லாம் எழுதவே வெட்கமாக இருக்கிறது, பெயர் போட வேண்டாம்.

பின்குறிப்பு: என் தம்பி மகனுக்கு 19 வயது. அவனும் காலேஜில் தூங்குகிறானாம். விழுந்து விழுந்து சிரித்தால் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுகிறான். இது எங்கள் குடும்பத்து வியாதியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது ரயில்வே கேட் சமாச்சாரம். நீங்கள் அதைக் கடைசிப் பக்கம் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். பரிசோதனை முடிந்து சிகிச்சை பலன் தரும்வரை ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். கேட்டில் வண்டி நின்றுகொண்டிருந்ததால் ஹாரன் சத்தத்தோடு போயிற்று. இதே தூக்கம் ஓடும் வண்டியிலும் வரும், அப்போது கண் மூடக்கூட வேண்டியதில்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி அணைந்து மறுபடி எரியும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய 33 மீட்டர். அவ்வளவு தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

குடித்துவிட்டு ஓட்டுவது தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் நம் சட்டத்தில் குற்றம். ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிற ஒருவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 50 மில்லிகிராம் இருப்பவரைப் போலத் தடுமாறும் என்று 1990-களிலேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தூக்கத்தை ஊதிக் காட்டச் சொல்லப் போலீஸிடம் மெஷின் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று பார்ப்போம். எங்கள் ஊர்களில் 'அசதி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். ஒன்று உடம்பு ஓய்ந்துபோவது: கை கால் கனக்கும், வேலை செய்ய மனம் வராது, ஆனால் மதியம் படுத்தால் தூக்கம் வராது, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, மன அழுத்தம் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். மற்றது தூக்கமே வருவது: சும்மா உட்கார்ந்தால் போதும், கண் தானாக மூடும். நீங்கள் இரண்டாவது ரகம். ஒரு காலத்தில் இரண்டுமே சேர்ந்து இருந்திருக்கிறது. இரும்புச்சத்து ஏறியதும் மூச்சு வாங்குவது போயிற்று, தூக்கம் தங்கிவிட்டது. ஆக, உங்கள் ரத்தசோகை நிஜம்தான், அதைக் கண்டுபிடித்த டாக்டர் தவறு செய்யவில்லை. அதற்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருந்தது, அவ்வளவே.

தூக்கம் எவ்வளவு வருகிறது என்பதை அளக்க ஒரு எளிய கேள்வித்தாள் உண்டு. மெல்போர்னில் இருந்த மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர், தான் வேலை பார்த்த எப்வொர்த் மருத்துவமனையின் பெயரிலேயே 1991-இல் வெளியிட்டார். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மீட்டிங் மாதிரி ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, மதியம் படுத்தால், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்ட பிறகு அமைதியாக உட்கார்ந்தால், போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண் அசர வாய்ப்பே இல்லை என்றால் 0, நிச்சயம் அசரும் என்றால் 3. மொத்தம் 24. பத்து வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் போட்டுப் பார்த்தேன்: டிவி 3, பஸ் 3, மீட்டிங் 3, சாப்பாட்டுக்குப் பின் 3, கேட்டில் நின்றதற்கு 2. மற்ற மூன்றைக் கேட்காமலே 14 ஆகிவிட்டது.

இப்படி வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றுதான். பதினொன்றிலிருந்து ஐந்து என்றால் ஆறு மணி நேரம், அதிலும் பாத்ரூம் நேரத்தைக் கழிக்க வேண்டும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுகிற ஆள் யார் என்று நான் கேட்கவே தேவையில்லை. பகல் தூக்கத்துக்கு உலகத்திலேயே சாதாரணமான காரணம் இரவில் தூங்காததுதான். கேஷியருக்குக் கடன் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தினமும் ஒரு மணி நேரம் பாக்கி வைத்தால் வாரக் கடைசியில் ஏழு மணி நேரம். ஆனாலும் உங்கள் விஷயத்தில் இது முழுக் காரணம் இல்லை. அதற்கு ஆதாரம் உங்கள் அம்மா வீட்டுப் பத்து நாள். வெறும் தூக்கக் கடன் என்றால், ஒன்பது மணி நேரம் வீதம் பத்து நாள் தூங்கியதில் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அப்படியானால் தூக்கத்தின் அளவு மட்டுமல்ல, அதன் தரமும் சரியில்லை.

செட்ரிசினையும் கணக்கில் சேருங்கள். தும்மல், ஜலதோஷ மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. 'இரவில்தானே போடுகிறேன்' என்பார்கள், மறுநாள் மதியம் வரை அதன் மப்பு இருக்கிறவர்களும் உண்டு. அவ்வளவாகத் தூக்கம் தராத ஃபெக்சோஃபெனடின் போன்ற மாற்று இருக்கிறது, அல்லது மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது மகளுடைய செல்போனுக்கு வருவோம். அவள் கேலிக்காக எடுத்தது எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி. அதை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். குறட்டை ஒரே சீராக ஓடுகிறதா, அல்லது ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்று, பத்துப் பதினைந்து விநாடி நிசப்தமாக இருந்து, பிறகு மூச்சுத் திணறி ஒரு பெரிய சத்தத்தோடு மறுபடி தொடங்குகிறதா? நான் எதிர்பார்ப்பது இரண்டாவதை. பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குக் குறட்டைச் சத்தம்தான் தொந்தரவு. எங்களுக்குப் பயமெல்லாம் நடுவில் வருகிற அந்த நிசப்தத்தின் மீது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு மூச்சு இழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஒரு சில விநாடி விழித்து, தொண்டையைத் திறந்துவிட்டு, திரும்பத் தூங்கிவிடும். காலையில் உங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒன்று என்று எண்ணுகிறோம். மணிக்கு 5-க்கு மேல் போனால் கோளாறு, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. மணிக்கு முப்பது என்று வைத்தால் ஆறு மணி நேரத்தில் 180 தடவை. ஒருவரை இரவெல்லாம் 180 தடவை தோளைத் தட்டி எழுப்பிவிட்டு, பகலில் ஏன் தூங்குகிறாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்? இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை என்கிறோம்.

உங்கள் மற்ற தொல்லைகளும் இந்தக் கதையில் வந்து பொருந்துகின்றன. அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரியும். உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கும். அதனால் சுகர் இல்லாமலே பாத்ரூம் நடை. கரியமில வாயு தேங்குவதால் காலையில் தலை பாரம். இரவு முழுக்க உடம்பு பதறிக்கொண்டிருப்பதால் பிரஷர் ஒரு மாத்திரைக்கு அடங்காது.

வெட்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். என் கிளினிக்கில் பல வருடமாகப் பார்க்கும் காட்சி ஒன்று. குறட்டைக்காக வருகிற ஆண்கள் தாமாக வருவதில்லை, மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்து, 'நைட்டு மூச்சே நின்னு போகுது டாக்டர்' என்று அவரே முழுக் கதையும் சொல்வார். பெண்கள் தனியாக வருவார்கள். அசதி என்பார்கள், தலைவலி என்பார்கள், தூக்கம் கலைந்து கலைந்து வருகிறது என்பார்கள். குறட்டை என்ற சொல் மட்டும் வாயில் வராது. பக்கத்தில் படுத்திருக்கும் கணவரோ அசந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பார், அவருக்கு என்ன தெரியும்? அதனால் இந்த நோய் பெண்களிடம் ரத்தசோகையாகவும் டென்ஷனாகவும் பல வருடம் மாறுவேடத்தில் சுற்றுகிறது. புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சைத் தூண்டி, தொண்டைத் தசையை விறைப்பாக வைத்திருக்கும். மாதவிலக்கு நின்றதும் அந்தக் காவல் போய்விடுகிறது. உங்கள் தொல்லை இரண்டு வருடம், மாதவிலக்கு நின்றது ஒன்றரை வருடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஹார்மோன் குறைவது அதற்கும் முன்பே தொடங்கிவிடும். ஆகவே வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. வயதாகிவிட்டது என்று விட்டுவிடத்தான் கூடாது.

நான் கடிதத்தை வைத்துப் பேசுகிறேன், பார்த்துச் சோதித்து அல்ல. உறுதிப்படுத்த ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும். நுரையீரல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். கரூரிலிருந்து திருச்சியோ கோவையோ தூரமில்லை. அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் விசாரியுங்கள். போகும்போது மகள் எடுத்த பதிவையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைப் பட்டைகளையும், எப்போது படுத்தீர்கள், எழுந்தீர்கள், பகலில் எங்கே கண் அசந்தது என்று இரண்டு வாரம் எழுதிய ஒரு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டின் இரண்டும் பார்க்கட்டும். ஹீமோகுளோபின் ஏறியும் சேமிப்பு காலியாகவே இருப்பதுண்டு.

ஸ்லீப் ஸ்டடியில் ஊசி, வலி எதுவும் இல்லை. தலையிலும் முகத்திலும் சில ஒயர்களை ஒட்டுவார்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் கிளிப். இத்தனையோடு எப்படித் தூங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். உங்களைப் போன்றவர்கள்தான் விளக்கை அணைப்பதற்கு முன்பே தூங்குவது. சிலருக்கு வீட்டிலேயே செய்யும் சின்னக் கருவி போதும்.

ஆப்னியா என்று வந்தால், அதன் அளவைப் பொறுத்து சிபாப் மெஷின் தரலாம். மூக்கில் ஒரு மாஸ்க், அதன் வழியாக அழுத்தத்தோடு காற்று, அந்தக் காற்றே தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் இதை உலகத்துக்குச் சொன்னபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இன்றைய மெஷின் டிபன் பாக்ஸ் அளவுதான், சத்தமும் உங்கள் குறட்டையைவிடக் குறைவு. முதல் இரண்டு வாரம் மாஸ்க் எரிச்சலாக இருக்கும், கழற்றி வீசத் தோன்றும். அதைத் தாண்டினவர்கள் பிறகு அது இல்லாமல் ஊருக்கே போவதில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூச்சுத் தடை கணிசமாகக் குறையும், ஆனால் எடை குறையட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தூங்கி வழிகிறவரை நடைப்பயிற்சிக்குப் போகச் சொல்வது எவ்வளவு தூரம் நடக்கும்? மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதை இன்றிரவே தொடங்கலாம். ஐந்து மணிக்கு மேல் காபி வேண்டாம், அதன் பாதி, தூங்கப்போகும் நேரத்தில் இன்னும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் கலைகிறது என்று யாராவது தூக்க மாத்திரை வாங்கித் தந்தால் போடவே போடாதீர்கள். அது தொண்டையை இன்னும் தளர்த்தும், பதறி எழுப்புகிற மூளையையும் அமுக்கிவிடும்.

மேலே சொன்னதற்கெல்லாம் வாரக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. திடீரென்று ஒரு நாளில் மயக்கம் போன்ற தூக்கம், குழப்பமான பேச்சு, கடுமையான தலைவலியோடு வாந்தி, கை கால் ஒரு பக்கம் பலமிழப்பது, தலையில் அடிபட்ட பிறகு தூக்கம், கால் வீங்கி மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்தால் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாக ஒன்று கேளுங்கள்: ஒரே ஒரு இரவு அரை மணி நேரம் விழித்திருந்து உங்கள் மூச்சைக் கவனிக்கட்டும். பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், இரவு டியூட்டி முடிந்த காலை ரவுண்ட்ஸில் நான் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கியிருக்கிறேன். பெரிய டாக்டர் திட்டினார், சோம்பேறி என்றுதான். முப்பத்தாறு மணி நேரம் விழித்திருந்தேன் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

தம்பி மகன் விஷயம் முற்றிலும் வேறு, குடும்ப வியாதி என்று முடிச்சுப் போட வேண்டாம். பின்குறிப்பாக எழுதிவிட்டீர்கள், எனக்கு அவனைப் பற்றியும் அதே அளவு அக்கறை. விழுந்து விழுந்து சிரிக்கும்போது நினைவு தப்பாமல் முட்டி மட்டும் மடங்குகிறது என்றால், நார்கோலெப்சி என்ற நரம்பியல் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். மூளையை விழிப்பில் நிறுத்தி வைக்கும் ஒரெக்சின் என்ற பொருள் (1998-இல்தான் கண்டுபிடித்தார்கள்) அதைச் சுரக்கும் செல்கள் அழிவதால் குறைந்துபோகிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்கும். தூங்கப் போகும்போதோ விழிக்கும்போதோ உடம்பை அசைக்க முடியாமல் யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குவது போல இருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். எப்போதாவது ஒரு தடவை அது யாருக்கும் வரலாம், தூக்கமும் முட்டி மடங்குவதும் அதோடு சேர்ந்தால்தான் பொருள் வேறு. இந்தப் பிள்ளைகளில் சிலர் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், சிலர் கையில் தாயத்து இருக்கும், எல்லோருமே காலேஜில் திட்டு வாங்கியிருப்பார்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இரவு ஸ்லீப் ஸ்டடிக்கு மறுநாள், இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து தடவை படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறான் என்று அளப்பார்கள். மருந்துகள் இருக்கின்றன, பகலில் நேரம் குறித்துப் போடும் குட்டித் தூக்கமும் நன்றாக உதவும், படிப்பை விட வேண்டியதில்லை. கிணற்றிலோ ஆற்றிலோ தனியாக நீந்த விட வேண்டாம். பைக் வாங்கித் தரும் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த ரிசல்ட் வரும்வரை தம்பியை ஷோரூம் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.